கட்டு மெலிய வேண்டிய நேரம்: டொமினியன் ஆட்டத்தில் குறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

2008-இல் ரியோ கிராண்ட் கேம்ஸ் வெளியிட்டு, 2009-இல் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதைப் பெற்ற டொமினியன், டொனால்ட் எக்ஸ். வக்காரினோ வடிவமைத்த ஆட்டம். ஒவ்வொருவரும் 7 காப்பர், 3 எஸ்டேட் என்று 10 சீட்டுகளோடு தொடங்கி, ஆட்டத்தின் போக்கில் சீட்டுகளை வாங்கித் தம் கட்டைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும். வாங்கிச் சேர்ப்பது எல்லாருக்கும் எளிதில் பிடிபட்டுவிடுகிறது. கையில் இருப்பதைத் தூக்கி எறிவதால் கட்டு வலுப்பெறும் என்பதும், அதையும் காலம் அறிந்து செய்ய வேண்டும் என்பதும் பிடிபடத்தான் நாளாகிறது.

இரண்டு சொற்களை முதலில் பிரித்துவிடுகிறேன். ரம்மி ஆடிப் பழகியவர்கள் 'கழித்தல்' என்றதும் சீட்டு கையைவிட்டுப் போய்விட்டதாக எண்ணுவார்கள். இங்கே கழித்த சீட்டு எங்கும் போவதில்லை. இழுக்கும் குவியல் தீர்ந்ததும் கழித்தவையெல்லாம் கலைக்கப்பட்டு மீண்டும் கைக்கு வரும். ஆட்டத்தைவிட்டே ஒரு சீட்டை வெளியேற்றுவதை ஆடுபவர்கள் 'ட்ராஷ்' என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் 'நீக்குதல்' என்று வரும் இடமெல்லாம் அதையே குறிக்கும்.

ஓர் அளவுகோலும் வேண்டும். 6 புள்ளி தரும் ப்ராவின்ஸின் விலை 8 காசு. ஒரு கைக்கு 5 சீட்டு. எனவே சீட்டுக்குச் சராசரியாக 1.6 காசு இருந்தால்தான் ப்ராவின்ஸ் கைக்கெட்டும். தொடக்கக் கட்டில் இந்தச் சராசரி 0.7. சில்வர் 2 காசு தருவதால் சராசரியை 1.6-ஐ நோக்கி ஏற்றுகிறது, 3 காசு தரும் கோல்ட் அதைவிட வேகமாக ஏற்றுகிறது. 1 காசு தரும் காப்பரோ, காசுச் சீட்டாகவே இருந்தும், ப்ராவின்ஸ் வாங்க விரும்பும் கட்டைக் கீழே இழுக்கிறது. காசு தராத, புள்ளி மட்டும் தரும் எஸ்டேட்டின் பங்கு சுழியம். கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்கிலிருந்தே விளங்கிவிடும். உங்கள் கட்டு காட்டும் குறி எதுவோ அந்தத் தலைப்பிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.

குறி: கையில் ஆறும் ஏழுமாக வருகிறது, எட்டு மட்டும் வருவதில்லை

மிகப் பரவலான கோளாறு இதுதான். பெரும்பாலோர் இதைச் சீட்டு விழுந்த நேரத்தின் குற்றமாகவே கருதிவிடுகிறார்கள். ஒரு கட்டை எடுத்துக்கொள்வோம். நன்றாக ஆடி 4 கோல்ட், 3 சில்வர் சேர்த்துவிட்டீர்கள். ஆனால் தொடக்கத்தின் 10 சீட்டுகளில் ஒன்றையும் நீக்கவில்லை. மொத்தம் 17 சீட்டு, 25 காசு. ஒரு கைக்குச் சராசரி 7.35 வரும். நீங்கள் அடிக்கடி ஏழில் நிற்பது தற்செயல் அல்ல, அது அந்தக் கட்டின் இயல்பு.

அதே கட்டில் 3 எஸ்டேட்டுகளை மட்டும் நீக்கியிருந்தால் 14 சீட்டில் 25 காசு, கைக்கு 8.93. எஸ்டேட்டை விட்டுவிட்டு 7 காப்பரையும் நீக்கியிருந்தால் 10 சீட்டில் 18 காசு, கைக்கு 9. இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன, ஆனால் ஒன்றுக்கு மூன்று நீக்கம் போதும், மற்றொன்றுக்கு ஏழு வேண்டும். எஸ்டேட்டை முதலில் நீக்கச் சொல்வதற்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை. இரண்டையும் நீக்கி 7 சீட்டோடு நின்றால் சராசரி 12.86 வரை ஏறும். அதில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

தீர்வு, நீக்கும் சீட்டை முதல் இரண்டு முறைகளுக்குள் வாங்கிவிடுவதுதான். 2 காசு விலையுள்ள சேப்பல், கையிலிருந்து 4 சீட்டு வரை ஒரே வீச்சில் நீக்கும்; அடிப்படைப் பெட்டியில் இதற்கு இணையான வேகம் வேறெதற்கும் இல்லை. முதல் இரண்டு கைகளில் காசு 4, 3 என்று பிரிந்தால் சில்வரோடு சேப்பல் வாங்குவது பழகிய தொடக்கம். ஆறு ஆட்டங்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 5, 2 என்று பிரியும். அப்போது சேப்பலோடு, அந்த ஆட்டத்துக்கு வாங்குவதற்காக மேசையில் விரித்திருக்கும் வகைகளில் நல்ல 5 காசுச் சீட்டு ஒன்றையும் வாங்கலாம். 3 காசு இருக்கும் கையில் 2 காசுச் சேப்பலை வாங்குவது நட்டமாகத் தோன்றும். அந்த ஒரு காசைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

சேப்பல் இல்லாத மேசையில் 4 காசு மணிலெண்டர் காப்பரை ஒன்றொன்றாக நீக்கி, அந்த முறைக்கு 3 காசு தரும். அதோடு நான்கு காப்பர் கையில் இருந்தால் ஒன்று போக மீதி 3, அதன் பரிசு 3, ஆக 6 காசுக்கு ஒரு கோல்ட் கிடைத்துவிடும். 2016-இன் இரண்டாம் பதிப்பில் சேர்ந்த சென்ட்ரியின் விலை 5. அது ஆக்‌ஷன் வாய்ப்பை (ஒரு முறையில் ஒரு செயல் சீட்டை ஆடும் உரிமையை) தின்னாமல், இழுக்கும் குவியலின் மேலுள்ள இரண்டு சீட்டைப் பார்த்து நீக்க விடுகிறது. கையிலுள்ள காசு குறையாமலே கட்டு மெலிவது அதன் தனிச் சிறப்பு. ரீமாடல், மைன் ஆகியவற்றை இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. அவை ஒரு சீட்டை நீக்கி மற்றொன்றைத் தருவதால் கட்டின் எண்ணிக்கை குறையாது, தரம்தான் உயரும். அதனால் இந்தக் குறிக்கு அவை மெதுவான மருந்து.

குறி: நீக்கியாயிற்று, இப்போது எதையும் வாங்கக் காசில்லை

முதற்கோளாறைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்து விழும் குழி இது. சேப்பலின் வேகத்தை முதன்முதலில் கண்ட நாளில் நானும் விழுந்தேன்: நான்காம் முறையிலும் ஆறாம் முறையிலும் கண்ணை மூடிக்கொண்டு நான்கு நான்காக நீக்கியதில், சேப்பலும் இரண்டு காப்பரும் மட்டும் மிஞ்சின. கட்டு 5 சீட்டுக்குள் சுருங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டும் கைக்கு வரும். அதில் 2 காசுதான் இருக்கிறதென்றால், 3 காசுச் சில்வரை இனி எப்போதும் வாங்க முடியாது. காப்பரின் விலை சுழியம் என்பதால் நீக்கிய காப்பரையே திரும்ப வாங்கித்தான் மீண்டேன். எதிரே இருந்தவர்கள் சிரித்ததைக் குறைசொல்ல முடியாது.

இதைத் தடுக்க, நீக்குவதற்கு முன் கையை மட்டும் பார்க்காமல் கட்டு முழுவதிலும் எஞ்சப்போகும் காசை எண்ண வேண்டும். எந்த நேரத்திலும் 3 காசுக்குக் கீழே இறங்கவே கூடாது. 5 காசுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஆட்டத்தை நடத்தும் நல்ல ஆக்‌ஷன் சீட்டுகளில் பல 5 காசு விலையுள்ளவை. சில்வரோடு சேப்பல் வாங்கித் தொடங்கி, மூன்றாம் முறையில் சேப்பல், 2 எஸ்டேட், 2 காப்பர் வந்தால் நான்கையும் தயங்காமல் நீக்கலாம்: எஞ்சுவது 5 காப்பர், 1 எஸ்டேட், சில்வர், சேப்பல் என்று 8 சீட்டும் 7 காசும். அடுத்த முறையிலேயே கோல்ட் வாங்கும் வாய்ப்பு இதில் உண்டு. இரண்டாவது நீக்கத்தில்தான் நின்று எண்ண வேண்டும்.

நீக்குவதா, வாங்குவதா என்ற இழுபறியும் இங்கேதான் எழும். சேப்பலோடு சில்வரும் இரண்டு காப்பரும் ஓர் எஸ்டேட்டும் வந்த கையில், எஸ்டேட்டை மட்டும் நீக்கிவிட்டு 4 காசுக்கு ஏதாவது வாங்கலாமே என்று தோன்றும். சேப்பலை முதன்முறை ஆடும்போது நீக்கத்துக்கே முன்னுரிமை கொடுங்கள் என்பது என் கருத்து. அந்த எஸ்டேட்டோடு இரண்டு காப்பரும் போகட்டும். இப்போது வாங்கும் ஒரு நடுத்தரச் சீட்டு அடுத்த கலைப்புக்குப் பிறகுதான் கைக்கு வரும், அப்போது அது குப்பையின் நடுவே வரும். இரண்டாம், மூன்றாம் முறை சேப்பல் வரும்போது நிலைமை தலைகீழாகிறது: 5 அல்லது 6 காசு கையில் இருந்தால் வாங்குவதற்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் நீக்குங்கள்.

குறி: நீக்கும் சீட்டு கையில் இருக்கிறது, நீக்கக் குப்பை இல்லை

இது கோளாறே அல்ல, நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டதற்கான அடையாளம். ஆனால் சிலர் சேப்பலை வீணாக்க மனமில்லாமல், நல்ல சில்வரையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சீட்டை நீக்குவதன் பயன், ஆட்டம் முடிவதற்குள் அது இன்னும் எத்தனை முறை கையில் வந்து இடத்தை அடைத்திருக்கும் என்பதைப் பொறுத்தது. 12 சீட்டுக் கட்டில் ஒரு சீட்டு சராசரியாக 2.4 முறைக்கு ஒரு தடவை வரும். நான்காம் முறையில் நீக்கிய எஸ்டேட், ஆட்டம் பதினைந்து முறை நீண்டால் நான்கைந்து கைகளை உங்களுக்கு மீட்டுத் தருகிறது. அதே நீக்கத்தைப் பன்னிரண்டாம் முறையில், 25 சீட்டுக் கட்டில் செய்தால், அந்தச் சீட்டு இன்னொரு தடவை வருவதே நிச்சயமில்லை. அதற்குமேல் எஸ்டேட்டுக்கு 1 புள்ளி உண்டு என்பதையும் மறக்கக் கூடாது: மூன்றையும் நீக்குவது அரை ப்ராவின்ஸை விட்டுக்கொடுப்பதற்குச் சமம். தொடக்கத்தில் அந்த விலை மலிவு. கடைசிக் கலைப்பு முடிந்த பிறகு அது வெறும் இழப்பு.

ஆகையால் நீக்கும் வேலையை முதல் மூன்று கலைப்புகளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. அதன்பின் சேப்பல்தான் கட்டின் கடைசிக் குப்பை. ஆடிய சேப்பல் கையில் இல்லாமல் மேசையில் இருப்பதால் அது தன்னைத்தானே நீக்கிக்கொள்ளாது. அதற்காக இரண்டாவது சேப்பல் வாங்குவது வீண். ஒரு சீட்டைச் சுமப்பதில் பெரிய நட்டமில்லை. ரீமாடல் வைத்திருப்பவருக்கோ இந்தக் கட்டம் பொற்காலம்: 6 காசுக் கோல்டை நீக்கினால் 8 காசு ப்ராவின்ஸ் நேரடியாகக் கிடைக்கும்.

குறி: இரண்டு ஆக்‌ஷன் சீட்டு ஒரே கையில் வந்து மோதுகிறது

ஒரு முறைக்கு ஓர் ஆக்‌ஷன்தான் என்பது விதி. மேலும் ஆக்‌ஷன் தராத சீட்டுகள் இரண்டு சேர்ந்து வந்தால் ஒன்று செத்துவிடும். 20 சீட்டுக் கட்டில் குறிப்பிட்ட இரண்டு சீட்டு ஒரே கையில் சேரும் வாய்ப்பு 19-இல் 1. கட்டு 10 சீட்டாக மெலிந்தால் அதுவே 9-இல் 2. கட்டு மெலிந்தால் நல்லது மட்டும் அடர்ந்து வருவதில்லை, எல்லாமே அடர்ந்து வருகிறது. 20 சீட்டில் மறைந்திருந்த பொருத்தமின்மை 10 சீட்டில் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். நீக்கத்தைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. வில்லேஜ் போல ஆக்‌ஷன் கூட்டித் தரும் சீட்டைச் சேருங்கள், அல்லது மோதும் சீட்டை ஒன்றோடு நிறுத்துங்கள். இரண்டு சேப்பலோடு தொடங்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்.

குறி: வில்லேஜும் ஸ்மிதியும் இருந்தும் முழுக் கட்டையும் இழுக்க முடியவில்லை

வில்லேஜும், சீட்டுகளை இழுத்துத் தரும் ஸ்மிதியும் ஓர் இணை. இரண்டு சீட்டைச் செலவிட்டு நான்கு சீட்டை இழுக்கும்; எனவே ஒவ்வோர் இணையும் மற்ற இரண்டு சீட்டுகளுக்கு இடம் உண்டாக்குகிறது. தொடக்கத்தின் 10 சீட்டைக் கட்டிலேயே வைத்துக்கொண்டு, அவற்றைத் தாண்டி இழுக்க விரும்பினால், அவற்றுக்காக மட்டுமே ஐந்து இணைகள் வேண்டும். இணைக்கு 3, 4 என்று 7 காசு. ஐந்துக்கு 35 காசு. காசைவிடக் கொடிய செலவு, 10 தடவை வாங்கும் வாய்ப்பு அதிலேயே கரைவது. சேப்பல் அதே வேலையை 2 காசுக்கும், இரண்டு மூன்று முறைகளின் மந்தத்துக்கும் செய்து முடிக்கிறது. இழுத்து ஆடும் கட்டுக்கு நீக்கம் ஏன் உயிர்நாடி என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே நான் முழுமையாக ஏற்றுக்கொண்டேன். வெறும் காசை மட்டும் வாங்கிக் குவிக்கும் கட்டுக்கு இந்த அளவு அவசரம் கிடையாது.

குறி: எதிராளியின் விட்ச் கட்டை நிரப்புகிறது

விட்ச் ஆடப்படும்போதெல்லாம் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கர்ஸ் சேரும். ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி குறையும். இருவர் ஆட்டத்தில் 10 கர்ஸ், மூவருக்கு 20, நால்வருக்கு 30. இந்த மேசையில் மேலே சொன்ன மூன்று கலைப்பு வரம்பு செல்லாது. கர்ஸ் குவியல் தீரும்வரை சேப்பலுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். கர்ஸை நீக்கினால் கட்டும் மெலியும், இழந்த புள்ளியும் திரும்பும். ஆனால் ஒரு முறைக்கு ஒரு சீட்டை மட்டும் நீக்கும் கருவியை நம்பி விட்சை வாங்காமல் இருந்துவிடாதீர்கள்; குப்பை வரும் வேகத்துக்கு அந்தக் கருவி ஈடுகொடுக்காது. அப்படிப்பட்ட மேசையில் 5 காசு கிடைத்த முதல் முறையே விட்சை வாங்குவதும், நீக்குவதை அதற்கு அடுத்ததாக வைப்பதும் நல்லது.

பேண்டிட் இருக்கும் மேசையில் வேறு வகை எச்சரிக்கை தேவை. அது எதிராளியின் இழுக்கும் குவியலில் மேலுள்ள இரண்டு சீட்டைத் திறந்து, காப்பர் அல்லாத காசுச் சீட்டு ஒன்றை நீக்கிவிடும். காப்பரே இல்லாத மெலிந்த கட்டில் அதன் குறி ஏறக்குறைய தப்புவதே இல்லை. கையை மூன்று சீட்டாகக் குறைக்கும் மிலிஷியாவோ மெலிந்த கட்டை அவ்வளவாக வருத்தாது, ஏனெனில் மூன்று கோல்ட் இருந்தாலே 9 காசு.

குறி: 12 காசு வருகிறது, வாங்குவதோ ஒரே ஒரு ப்ராவின்ஸ்

முன்பு ஒத்திவைத்த சிக்கல் இதுதான். ஒரு முறைக்கு வாங்கும் வாய்ப்பு ஒன்றே. 4 கோல்டும் 3 சில்வரும் மட்டுமே கொண்ட 7 சீட்டுக் கட்டு சராசரி 12.86 காசு தந்தாலும், 8 போக மீதி வீணாகிறது. மார்க்கெட், ஃபெஸ்டிவல் போன்று கூடுதலாக வாங்கும் வாய்ப்பைத் தரும் சீட்டுகள் மேசையில் இருந்தால், நீக்கும் வேலை முடிந்ததும் அவற்றைத் தேடிப் போங்கள். 16 காசும் இரண்டு வாய்ப்பும் சேர்ந்தால் ஒரே முறையில் இரண்டு ப்ராவின்ஸ். அவை இல்லாத மேசையில் கடைசிக் காப்பர்களை நீக்குவதற்காக ஒரு முறையைக்கூடச் செலவழிக்கக் கூடாது. அந்த முறையிலேயே ப்ராவின்ஸ் வாங்கத் தொடங்கிவிட வேண்டும்.

குறி: ப்ராவின்ஸ் வாங்கத் தொடங்கியதும் கட்டு படுத்துவிடுகிறது

ப்ராவின்ஸும் கையில் வரும்போது பயனற்ற சீட்டே. அதே 7 சீட்டுக் கட்டு ஒரு ப்ராவின்ஸ் சேர்ந்ததும் 11.25-க்கும், இரண்டாவதில் 10-க்கும், மூன்றாவதில் 9-க்கும், நான்காவதில் 8.18-க்கும் இறங்கி, ஐந்தாவதில்தான் 7.5 என்று எட்டுக்குக் கீழே போகிறது. இருவர் ஆட்டத்தில் ப்ராவின்ஸே மொத்தம் எட்டுதான். எஸ்டேட்டை மட்டும் நீக்கிக் காப்பரை வைத்திருந்த 14 சீட்டுக் கட்டோ இரண்டாவது ப்ராவின்ஸிலேயே 7.81-க்கு வந்துவிடுகிறது. மேலே வீண் என்று தோன்றிய மிகுதிக் காசு உண்மையில் இந்தச் சரிவைத் தாங்கும் சேமிப்பு. முதல் ப்ராவின்ஸ் வாங்கிய உடனே கட்டு தடுமாறினால், நீங்கள் சற்று முன்கூட்டியே தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். இடையே ஒரு கோல்ட் வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம். குவியலில் இரண்டு மூன்று ப்ராவின்ஸ்தான் மிஞ்சியிருக்கிறது என்றால் சரிசெய்ய நேரமில்லை. 5 காசுக்கு 3 புள்ளி தரும் டச்சியை வாங்கிக்கொண்டே போக வேண்டும், கட்டு எப்படிக் கெட்டாலும் கெடட்டும்.

குறி: மேசையில் நீக்கும் சீட்டே இல்லை

10 வகைச் சீட்டு விரித்த மேசையில் நீக்கும் வழி எதுவும் அமையாத ஆட்டங்கள் உண்டு. அப்போது காப்பரோடு வாழப் பழக வேண்டும். செல்லர் எஸ்டேட்டைக் கழித்து அதற்குப் பதில் வேறு சீட்டை இழுக்க உதவும், லேபரட்டரி கையைப் பெரிதாக்கும். கட்டில் எஸ்டேட் இருந்தாலும் கையில் அதன் பாரம் குறையும். ஸ்மிதி ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு சில்வரும் கோல்டுமாக வாங்கிச் செல்வது இம்மேசையில் வெட்கப்பட வேண்டிய ஆட்டமல்ல.

கார்டன்ஸ் மேசையில் இருந்தால் இதுவரை சொன்ன எல்லாமே தலைகீழாகிவிடும். கட்டில் உள்ள ஒவ்வொரு 10 சீட்டுக்கும் அது 1 புள்ளி தருவதால், 40 சீட்டுக் கட்டில் ஒவ்வொரு கார்டன்ஸும் 4 புள்ளி; நீக்கியவர் அங்கே தோற்பார். ஒர்க்‌ஷாப் மூலம் முறைக்கொரு சீட்டை இலவசமாகச் சேர்த்துக்கொண்டு, கார்டன்ஸ், ஒர்க்‌ஷாப், எஸ்டேட் என்று மூன்று குவியல்களை விரைந்து தீர்த்து ஆட்டத்தை முடிக்கப் பார்ப்பவர் எதிரே இருந்தால், சேப்பலை எடுத்துக்கொண்டு பொறுமையாகக் கட்டை மெலிய வைக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது. அந்தக் கார்டன்ஸில் நான்கைந்தை நீங்களே வாங்கிவிடுவதுதான் அவரைத் தடுக்கும் வழி.